ஏறாவூர் என்ற பெயரும் உம்மாவின் குடியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இந்தத் தவணை வரலாற்றுப் பாடத்தில் தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு "எனது ஊர்" என்று ஓர் ஒப்படை கொடுத்தேன். கொப்பிகள் எல்லாம் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பக்கம்தான். ஏறாவூர் மட்டக்களப்புக்கு வடக்கே சுமார் பதினைந்து கிலோமீற்றரில் உள்ளது, ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் புன்னைக்குடாக் கடல், மக்களின் தொழில் வேளாண்மை, வியாபாரம், நெசவு. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு இடப்பெயரை மாற்றினால் அந்தப் பக்கம் காத்தான்குடிக்கும் பொருந்தும், ஓட்டமாவடிக்கும் பொருந்தும். "சரி, உங்கட குடி என்ன?" என்று வகுப்பில் கேட்டேன். நாலே நாலு பேர் கை உயர்த்தினார்கள். ஒரு மகன் எழும்பி, "டீச்சர், எங்கட வாப்பா குடிக்கிறல்ல" என்றான். வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் எடுத்தது.

பெரியவர்களுக்குத் தெரிந்த விசயம்தான், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குடி என்பது உம்மாவின் வழி. உம்மாவுக்கு என்ன குடியோ அதுதான் பிள்ளைக்கும். வாப்பாவின் குடி வாப்பாவின் உம்மாவோடும் அவருடைய சகோதரிகளின் பிள்ளைகளோடும் போகும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை, ஏனென்றால் அவர்கள் காக்கா தங்கச்சி முறை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்கு. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். கந்தூரிக்கு அரிசி பிரித்தது முதல் மையித்து வீட்டு வேலை வரைக்கும் அந்த வரிசையில்தான் நடந்தது. குடிகளின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் நாளைக்குக் காலையில் என் சலாமுக்குப் பதில் வராது.

ஏன் இதைப் பெரிதாக எடுக்கிறேன் என்றால், ஒரு சின்ன ஊர் தன் கதையை எங்கே வைத்திருக்கிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. இங்கிலாந்தில் செல்போர்ன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே கில்பர்ட் வைட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அந்த ஊரின் பறவைகள், மரங்கள், மழை, மண்புழு, பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1789-ல் புத்தகமாக வந்தன. இன்றைக்கும் அது அச்சில் இருக்கிறது. அதில் அவர் 1783-ல் எண்ணிப் பார்த்த கணக்கும் உண்டு. 136 குடும்பங்கள், 676 பேர். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தொகையை விடக் குறைவு. அவ்வளவு சின்ன ஊரில் உட்கார்ந்து கொண்டு, அறுபது வருசத்தில் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை பேர் மவுத்தானார்கள் என்று அவரால் எழுத முடிந்திருக்கிறது. காரணம் எளிது. 1538-ல் இங்கிலாந்து அரசு ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று கட்டளை போட்டது. அந்தப் புத்தகங்கள் தேவாலயப் பெட்டியில் பூட்டி இருந்தன. அவர் திறந்து கூட்டிப் பார்த்தார்.

நம்மிடம் அப்படி ஒரு பெட்டி இல்லை. இருந்த பெட்டிகளில் இருந்ததும் 1957 வெள்ளத்தில் கொஞ்சம், 1978 நவம்பர் 23 சூறாவளியில் கொஞ்சம், 1990-ல் மிச்சம் என்று போய்விட்டது. ஆனால் அந்த இங்கிலீஷ்காரரின் ஊரில் இல்லாத ஒன்று நம்மிடம் இருந்தது. அங்கே பழைய பதிவுகள் பலவற்றில் பிள்ளைக்கு வாப்பாவின் பெயர் மட்டும்தான் இருக்கும், பெற்றவளின் பெயர் இராது. இங்கே காகிதமே இல்லாமல், உம்மா, உம்மாவின் உம்மா, அவவின் உம்மா என்று ஏழெட்டுத் தலைமுறையை மூத்தம்மாமார் வெற்றிலை மென்று கொண்டே சொன்னார்கள். எங்கள் மூத்தம்மா ஒரு கலியாணப் பேச்சைக் கேட்டால், மாப்பிள்ளை என்ன படித்தவர் என்று கேட்கமாட்டா. "ஆர்ர மகள்ர மகன்?" என்றுதான் கேட்பா. கணக்குச் சரியாக வந்தால்தான் அடுத்த பேச்சு.

இனி ஊரின் பெயருக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டிய விசயம் இருக்கிறது.

மட்டக்களப்பில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை நடந்தது என்றும், பட்டாணியர் என்ற நம் முன்னோர் முக்குவர் பக்கம் நின்றார்கள் என்றும் கதை. 1921-ல் சா. ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை வருகிறது. வாய்வழியாகவும் எல்லாருக்கும் தெரியும். திமிலரை வடக்கே துரத்திப் போனார்கள். எதிரியை வெட்டிய இடம் சத்துருக்கொண்டான். எதிரி திரும்பி ஏறி வராமல் மறித்த இடம் ஏறாவூர். வென்றவர்கள் வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. பஸ்ஸில் மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் போனால் இதே ஒழுங்கில்தான் மூன்றும் வரும். உதவிக்குக் கைம்மாறாகப் பட்டாணியருக்கு முக்குவர் குடிகளில் இருந்து பெண் கொடுத்து, திமிலர் திரும்பி வராமல் காவலாக இங்கே குடியிருத்தினார்கள் என்பார்கள். அப்படி வந்த உம்மாமாரின் வழிதான் நம் குடிகள் என்பது கதையின் மிச்சம்.

சொல்லைப் பிரித்து ஊர்க் கதை கட்டுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். மொழி படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கவும் கூடும். நானும் இதை நடந்த சரித்திரம் என்று பாடம் எடுக்கமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடிமுறை கதை அல்ல, கண்ணால் காண்பது. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் கோயிலில் குடிக்குக் குடி வண்ணக்கர் இருப்பார். நம் பள்ளியில் குடிக்குக் குடி மரைக்கார். அவர்களுக்கும் தாய்வழி, நமக்கும் தாய்வழி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது அங்கேயும்தான். கலியாண வீட்டில் குரவை போடுவது அங்கேயும்தான். சூடடிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பதும் அப்படியே. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் அக்கரைப்பற்றில் வருசக்கணக்காக இருந்து தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கக் குடிகளையும் சேர்த்து ஆராய்ந்து 2008-ல் பெரிய புத்தகம் போட்டார். எங்கிருந்தோ வந்த மனுசன் இரண்டு பக்கத்துக் கிழவிகளிடமும் கேட்டு எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் நாம் கேட்கவில்லை.

நாம் கேட்காமல் விட்டதற்குக் காரணமும் எல்லாருக்கும் தெரியும். 1990 ஆகஸ்ட் 11 இரவு, 12 விடியல். விடுதலைப் புலிகள் ஊருக்குள் வந்து பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதாளிகள் என்று பாராமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் நாம் துஆச் செய்கிறோம். அதற்கு முதல் வாரம், ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள். இது பிள்ளைகளுக்குத் தெரியும், தெரிய வேண்டும்.

அவர்களுக்குத் தெரியாதது அடுத்த மாதம். செப்டம்பர் 5, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. செப்டம்பர் 9, சத்துருக்கொண்டானிலும் பக்கத்துக் கிராமங்களிலும் இருந்து கூட்டிப் போகப்பட்டு முகாமில் கொல்லப்பட்டவர்கள் 180-க்கும் மேல். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை. ஒரே பக்கம் நின்று வென்றதாகச் சொல்லிக் கதை கட்டி வைத்த அதே மூன்று இடமும், ஒரு மாதத்துக்குள் மூன்று மையவாடி ஆனது. நம் ஊருக்கு நடந்ததை யாரும் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். நம் தெருவில் இழந்தவர்களோடுதான் நான் வளர்ந்தேன். ஆனால் அடுத்த ஊரின் திகதியும் நம் பிள்ளைகளின் கொப்பியில் இருக்க வேண்டும். நம் திகதி அவர்களின் கொப்பியிலும் இருக்க வேண்டும். அங்கே படிப்பிக்கும் டீச்சர்மார் இதை வாசித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1990-க்குப் பிறகு பழைய கதையைச் சொல்வதற்கே பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் நமக்கு உம்மா வழி உண்டு என்று எந்த வாயால் சொல்வது? இன்னொரு பக்கம், குடி பார்ப்பது மார்க்கத்தில் இல்லாத வழக்கம், விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்களும் வந்தார்கள். பள்ளிவாசல் நிருவாகமும் மாறிக்கொண்டு வருகிறது. 1956 வக்ஃபு சட்டத்துக்குப் பிறகு நம்பிக்கையாளர் சபை பதிவு, தெரிவு என்று ஒரு முறை வந்துவிட்டது. குடி பார்த்துத்தான் மரைக்கார் என்பது பல இடங்களில் பேச்சளவில் நிற்கிறது. அதை மீண்டும் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. குடி வருவது பெண்ணால், வீடு நிற்பது பெண்ணின் பெயரில், தலைமுறைக் கணக்கை மனதில் வைத்திருந்தது பெண். பள்ளியில் குடிக்காக உட்கார்ந்தது எப்போதும் ஆண். மரைக்கார்மாரின் பெயரைக் கேட்டால் ஊரில் பத்துப் பேராவது சொல்வார்கள். எந்த மூத்தம்மாவின் வழியில் அவர் மரைக்கார் ஆனார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

முறை போகட்டும், நினைவு போக வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

யானைக் கதையை எடுங்கள். எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரர் 1845-ல் இருந்து 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். வாவியில் பாடும் மீனின் சத்தத்தைக் கேட்டு எழுதியவரும் அவர்தான். 1859-ல் வந்த அவருடைய புத்தகத்தில், இந்தத் தீவிலேயே யானை பிடிப்பதில் பேர் போனவர்கள் வடக்கு, வடகிழக்குப் பக்கத்து முஸ்லிம் ஊர்ப் பணிக்கர்கள் என்று எழுதியிருக்கிறார். கொப்பமும் வேலியும் இல்லாமல், இரண்டு மூன்று பேராகக் காட்டுக்குள் தடம் பார்த்துப் போய், தோற்கயிற்றால் பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தோடு கட்டுகிறவர்கள். நம்மூர்ப் பணிக்கர்களின் பெயர் இந்தியா வரைக்கும் போனது. தரம் எட்டுக் கொப்பியில் யானை இருந்தது, காட்டு யானை வயலை அழிக்கிறது என்று. பணிக்கர் இல்லை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டிலாவது அந்தக் கயிறு இருந்தால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள், பிள்ளைகளோடு வந்து பார்க்கிறேன்.

அதே போலத்தான் 1928-ல் மட்டக்களப்புக்கு றெயில் வந்த கதை, படுவான்கரையில் வயல் வைத்திருந்த போடிமாரின் கதை, அங்கே தமிழ் ஆட்களோடு சேர்ந்து வட்டவிதானைக்குக் கட்டுப்பட்டுத் தண்ணீர் பாய்ச்சிய கதை, தயிர்ச் சட்டி தலையில் வைத்து வந்த அக்காமாரின் கதை. வளவுகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் இருந்த பழைய பெயர்கள் கூட இப்போது வீதிப் பலகையில் இல்லை. புதிதாகப் போட்ட பெயர்கள் நல்ல பெயர்கள்தான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் "புளியடி" என்று சொன்னால் எங்கே என்று தெரிந்த தலைமுறை எனக்குப் பின்னால் இல்லை.

1957 வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள். ஒவ்வொரு ஜனாஸா அறிவித்தலும் கேட்கும்போது எனக்கு இந்த எண்ணம்தான் முதலில் வருகிறது.

ஆகவே ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் மூத்தம்மா, சாச்சி, பெரியம்மா யாராவது வயதானவர் இருந்தால் போனை எடுத்து ஒலிப்பதிவைப் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். உம்மாவின் உம்மாவின் பெயர் என்ன, அவவின் உம்மா யார், தெரிந்த வரைக்கும். நீங்க கலியாணம் முடித்தது எந்த வளவில், அந்த வளவுக்கு அப்போது என்ன பெயர். கலவரத்துக்கு முதல் உங்கட வீட்டுக்கு வந்து போன தமிழ் ஆட்கள் யார், யார். மூன்றாவது கேள்விக்குச் சிலர் அழுவார்கள். அவசரப்படுத்த வேண்டாம், பதிவை நிறுத்தவும் வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரை இங்கே பகிரங்கமாகப் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். பிள்ளைகள் கேட்டு எழுதிய கொப்பி ஒன்று பாடசாலை நூலகத்தில் இருக்கும், ஒரு பிரதி பள்ளிவாசலுக்கும் கொடுப்போம்.

போனில் பதியத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு உம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முற்றத்தில் பாய் விரித்திருக்கும், தேத்தண்ணி இருக்கும். வெற்றிலை மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும்.