விளம்பரத்தின் முன் நிற்கும் மனிதர்

நான் வரைவது மனிதர்களை. ஆனால் வந்தவாசியில் ஒரு மனிதரை அவர் நிற்கும் இடத்தோடு வரைய உட்கார்ந்தால், அவருக்குப் பின்னால் ஒரு விளம்பரமும் வந்து நின்றுவிடுகிறது. கோரைப்பாய்க் கட்டை டிவிஎஸ் 50-இல் ஏற்றிப் போகிறவருக்குப் பின்னால் செல்போன் விளம்பரம். ஆரணிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும் தறிக்கார அம்மாவின் தலைக்கு மேல், முகூர்த்தப் பட்டு உடுத்திய நடிகை பிளெக்ஸில் சிரிக்கிறார். அந்த அம்மா உடுத்தியிருப்பது சிந்தெடிக் சேலை.

இதை ஒரு கண்டனப் படமாக வரைவது சுலபம். பார்ப்பவர் நொடியில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். எனக்கு அது போதாது. அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கும்போது கரையையும் முந்தியையும் தொழில் தெரிந்த கண்ணால் அளக்கிறார். மகள் கல்யாணத்துக்கு இப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசையோடும் பார்க்கிறார். அந்த ஆசையைச் சிறுமைப்படுத்தாமல் வரைய வேண்டும்.

இந்தப் பாடத்தை எனக்குக் கொடுத்தவர் பூபேன் கக்கர். 1934-இல் பம்பாயில் பிறந்தவர், கணக்காளர், பரோடாவில் குடியேறி ஓவியரானவர். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலோடு ஒப்பிட்டால் அவர் செய்தது புரியும். 1962-இல் வார்ஹோல் 32 சூப் டப்பாக்களை வரைந்து லாஸ் ஏஞ்சல்ஸில் காட்சிக்கு வைத்தார். அவற்றில் டப்பா மட்டுமே இருந்தது, சாப்பிடுகிறவர் இல்லை. கக்கரும் அறுபதுகளில் கடைத்தெருச் சாமிப் படங்களை வெட்டி ஒட்டித்தான் தொடங்கினார். ஆனால் 1972 வாக்கில் கடிகாரம் பழுதுபார்ப்பவர், தையல்காரர், முடிதிருத்துபவர் என்று கடைக்குள் இருக்கும் ஆளை வரைந்தார். பெயர்ப்பலகையின் பளிச்சென்ற நிறத்தையும் அந்த ஆளின் தனிமையையும் ஒரே அக்கறையோடு தீட்டினார்.

நம் பக்கத்தில் கொண்டையராஜு இருக்கிறார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்து, நாடகத் திரைகள் வரைந்து, கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசியில் அச்சாகி, கடைப் பெயர் தாங்கிய காலண்டர்களாக வீடுகளுக்குள் வந்தன. விளம்பரத் தாளுக்கு முன்னால் நம் மக்கள் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். வணிகப் படத்தை வெறும் குப்பை என்று தள்ள என்னால் முடியாததற்கு அதுவே காரணம்.

கித்தானில் சிக்கல் வேறு. பிளெக்ஸின் சிவப்பும் மஞ்சளும் முன்னால் பாய்ந்து வரும். மாநிற முகம் பின்னுக்குப் போய்விடும். ஆகவே விளம்பரத்தை அக்ரிலிக்கில் மெல்லிசாக, தூரிகைத் தடம் தெரியாமல் தட்டையாக நிரப்புகிறேன். அது காய்ந்த பின் மனிதரை எண்ணெய் வண்ணத்தில், கனமாக, தடம் தெரியத் தீட்டுகிறேன். தோலுக்குப் பர்ன்ட் சியன்னாவும் எல்லோ ஆக்கரும். நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரின். கறுப்பைத் தொடுவதில்லை, அது கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும்.

வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். விளம்பர முகத்தில் எல்லாப் பக்கமும் வெளிச்சம், நிழலே கிடையாது. கீழே நிற்பவருக்கோ உச்சி வெயில். கண்குழியிலும் கழுத்தடியிலும் நிழல் கட்டி நிற்கும். அந்த நிழல்தான் அவருக்கு எடை தருகிறது. கடைசியாக, பிளெக்ஸின் மஞ்சளில் ஒரு தீற்றலை அவர் கன்னத்தில் வைப்பேன். விளம்பரம் நம்மீது படாமல் இருப்பதில்லை. அந்த உண்மையும் படத்தில் இருக்க வேண்டும்.

விளம்பரம் நம்மை வாங்குகிறவர்களாக மட்டுமே பார்க்கிறது. நெய்கிறவர், சுமக்கிறவர், ஆசைப்படுகிறவர், காத்திருக்கிறவர் என்று முழு ஆளாகப் பார்ப்பது ஓவியத்தின் வேலை. முடிந்த படத்தைத் தெருக்காரர்களிடம் காட்டுவேன். "இது எந்தக் கடை விளம்பரம்?" என்று முதலில் கேட்டால், எனக்கு இன்னும் வேலை பாக்கி. "இந்த அம்மா யாரு, ஆரணிப் பக்கமா?" என்று கேட்டால் படம் முடிந்தது.