சுத்தமாக வந்த தகடு

இந்தப் பதிவைச் சென்ற ஆண்டு மே மாதமே எழுதியிருக்க வேண்டும். அப்போது துணிவு வரவில்லை. நீளமான பதிவு, கப்பல்களில் நாட்டமில்லாத நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொச்சிக் காயலில் ஓர் எஃகுத் தகட்டை நவம்பரில் கயிற்றில் கட்டி இறக்கி ஏப்ரலில் ஏற்றினால், வெளியே வருவதைத் தகடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் இரண்டு நாட்களில் விரலால் தடவினால் மட்டுமே தெரியும் ஒரு வழவழப்பு படியும். பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் குடியேறிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். ஒன்றிரண்டு வாரங்களில் ஊசி முனையளவு வெண்புள்ளிகள். நூல்களில் பார்னக்கிள் என்று வருவதும் எங்கள் கரையில் கொட்டலசு என்று வழங்குவதுமான உயிர் அது. இளம்பருவத்தில் நீந்தித் திரிந்து, பிடித்த இடத்தில் தலையை ஊன்றிப் பசைபோட்டுக்கொண்டு, அதன்பின் ஆயுள் முழுவதும் அவ்விடத்தை விட்டு நகராது. அதன்மேல் சுண்ணாம்புக் குழாய்ப் புழுக்கள், அவற்றின்மேல் மட்டிகள், இடுக்குகளில் சிறு நண்டுகள். ஏப்ரலில் தகட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கும். ஜூனில் மழை இறங்கிக் காயல் ஏறக்குறைய நன்னீராகிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை செத்து உதிரும். ஆகவே எங்கள் துறையில் இந்த ஊரில் ஆண்டுக்கு ஒரே ஒரு பருவந்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த நவம்பர்.

கப்பலின் அடியில் இந்த உயிர்கள் ஒட்டாமல் காக்கும் பூச்சுதான் என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். கப்பல் பழுதுபார்க்கும் இடங்களில் ஆன்டிஃபவுலிங் என்றே சொல்கிறார்கள். கலைச்சொல் அகராதிகள் தரும் தமிழ்ச் சொற்கள் எதுவும் என் நாவில் நிற்கவில்லை. அடிப்பூச்சு என்று எழுதுகிறேன்.

கப்பல் என்றால் அலையைக் கிழித்துப் போவது என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் நிதானமாகச் செல்லும் எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் எரிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு, நீர் அடிப்புறத் தோலில் உரசும் உராய்வை வெல்வதற்கே செலவாகிறது. அந்தத் தோல் சொரசொரப்பானால் செலவு ஏறும். அமெரிக்கக் கடற்படையின் ஃபிரிகேட் வகைக் கப்பலை வைத்து 2007இல் வெளிவந்த கணக்கீடு ஒன்று, கொட்டலசு கனமாகப் பிடித்த அடிப்புறத்தோடு அதே வேகத்தில் செல்ல 86 விழுக்காடு வரை கூடுதல் திறன் தேவைப்படலாம் என்றது. 2023 முதல் பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் கரிம உமிழ்வைக் கணக்கிட்டு 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் போடுகிறார்கள். அன்றிலிருந்து கப்பலின் அடிப்புறம் சாயக்காரர்களின் கவலையாக மட்டும் இல்லாமல் காலநிலையின் கவலையாகவும் ஆகிவிட்டது. மாநாடுகளில் எங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

இந்தக் கவலை பழையது. அரபிக்கடலின் மரக்கலங்களுக்குச் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசினார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அறைந்து பார்த்தது. புழு துளைக்கவில்லை, பாசி பிடிக்கவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டுவிட்டன. இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை 1824இல் நடந்தது. செப்புத் தகடு கடல்நீரில் கரைந்து வீணாவதைத் தடுக்கக் கடற்படையினர் ஹம்ஃப்ரி டேவியை நாடினார்கள். அவர் செம்போடு துத்தநாகத்தையும் இரும்பையும் சிறு துண்டுகளாகச் சேர்த்தார். செம்பு கரைவது நின்றுவிட்டது. வேதியியல் வென்றது. கூடவே கப்பலின் அடி முழுக்கக் கொட்டலசும் பாசியும் அப்பிக்கொண்டன. செம்பு கரைந்தால்தான் காக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. கப்பல் சுத்தமாக இருந்ததற்குக் காரணம், அது போன வழியெல்லாம் தன்னிலிருந்து ஒரு நஞ்சைத் துளித்துளியாகக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டே போனதுதான்.

இதைவிடக் கொடிய ஒன்றும் பின்னால் வந்தது. ட்ரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம், 1970களில் உலகின் கப்பல்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. அடிப்பூச்சின் வரலாற்றிலேயே அவ்வளவு திறமையான பொருள் வேறில்லை என்று எங்கள் துறையின் மூத்தவர்கள் இன்றும் ஒருவித ஏக்கத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே ஆண்டுகளில் பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள், சிப்பிக் குஞ்சுகள் பிழைப்பதில்லை, பிழைப்பவற்றின் ஓடும் கோணலாகத் தடிக்கிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். விரிகுடா முழுவதும் உல்லாசப் படகுகள் நங்கூரமிட்டு நின்றன. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடைசெய்தது. லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, கரைந்திருந்தாலே சில கடல் நத்தைகளின் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் என்று பின்னால் அளந்து சொன்னார்கள். உலகளாவிய தடை ஒப்பந்தம் 2001இல் எழுதப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நாம் மறுபடி செம்புக்கே திரும்பினோம். இன்று உலகின் பெரும்பாலான கப்பல்களின் அடியில் இருப்பது செப்பு ஆக்சைடு கலந்த சாயமே.

செம்பு அவ்வளவு கொடியதல்ல. உயிர்களுக்குச் சிறிதளவு தேவையானதுங்கூட. என் ஆய்வு, அதையும் குறைத்துக்கொண்டு அதே பயனைப் பெறுவது. செம்பு குறைந்த ஒரு பிசின் பூச்சை ஆய்வகத்தில் உருவாக்கி, 2024 நவம்பரில் ஒரு சட்டத்தில் பூசிய தகடுகளையும் ஒப்பீட்டுக்காகப் பூசாத வெறுந்தகடுகளையும் பொருத்தி, நீரோட்டம் குறைந்த ஒரு படகுத்துறையின் மூலையில் இறக்கினேன். ஏப்ரலில் எடுத்தபோது பூசிய தகடுகள் பளிச்சென்று வந்தன. துறையில் இருந்த படகோட்டி ஒருவர்கூடத் தடவிப் பார்த்துச் சிரித்தார். வெறுந்தகடுகளில் கொட்டலசு பிடித்திருந்தது. வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. அன்றிரவு ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, இளநிலை ஆய்வாளர் ஒருவர் துறையின் மறுகோடியில் தொங்கவிட்டிருந்த தகடுகளைத் தூக்கித் தரும்படி அழைத்தார். அவருடைய ஆய்வு வேறு. கொட்டலசின் இளம்பருவம் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. அவர் தகடுகளும் என் வெறுந்தகடுகளைப் போலவே பூச்சில்லாத எஃகு, அதே அளவு, அதே பருவம். அவற்றை என்னால் தனியே தூக்க முடியவில்லை. குறுக்கும் நெடுக்கும் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. என் வெறுந்தகடுகளில் பாதிகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நிழல் காரணமாக இருக்கலாம். நீரோட்டம் காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது மூன்றாவது காரணம்: பூசிய தகடுகளிலிருந்து கரைந்த செம்பு, அந்த அசைவற்ற மூலையில் பக்கத்துத் தகடுகளையும் காத்திருக்கிறது. அப்படியானால் என் ஒப்பீடே தவறு. அதைவிட, என் பூச்சு தன் எல்லைக்குள் நிற்கவில்லை என்று பொருள்.

ஒரு மாதம் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. பெருமைக்குரிய செயலல்ல, ஆனாலும் அதுதான் நடந்தது. ஐந்தாண்டு உதவித்தொகை டிசம்பரில் முடிய இருந்தது. பருவம் கடந்துவிட்டது. மறுபடி செய்வதென்றால் நவம்பர் வரை காத்திருந்து, அடுத்த ஏப்ரல் வரை கையிலிருந்து செலவழிக்க வேண்டும்.

அந்த மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள். மே 25 அன்று 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குப் பெட்டகக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. கரையெங்கும் பெட்டகங்களும் பிளாஸ்டிக் மணிகளும் ஒதுங்கின. கப்பல் சம்பந்தமாகப் படிக்கிறவன் என்பதால் என் கைப்பேசி ஓயவில்லை. எல்லோரும் கடலைப் பற்றிக் கவலையோடு கேட்டார்கள். நானும் கவலையோடு பதில் சொன்னேன். பேசி முடித்துக் கைப்பேசியை வைக்கும்போதெல்லாம், செய்தியாகாமல் நாள்தோறும் கரைந்துகொண்டிருப்பது என் மேசையில் ஒரு பையில் கிடந்தது.

இரண்டாவது, எண்ணூரிலிருந்து என் மாமா, அம்மாவின் தம்பி, பேசியது. அவர் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் இறால் பிடித்தே வாழ்ந்தவர். அங்கே சில ஆண்டுகளாக 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் பெயரிட்ட ஓர் அயல் ஆழி ஆற்றின் அடியைப் பாய்போல் மூடிவிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகளைச் சேர்ந்த உயிர் அது. கப்பல்களின் பாலாஸ்ட் நீரிலோ அடிப்புறத்திலோ ஒட்டி வந்திருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலையும் இதே உயிர்தான் பிடித்துக்கொண்டது. அது படர்ந்த சேற்றில் இறாலுக்குப் பதுங்க இடமில்லை. மஞ்ச மட்டி மறைந்துபோகிறது. கையால் தடவிப் பிடிப்பவர்களுக்கு விரலெல்லாம் கீறல்.

மாமா கேட்டார்: "கப்பல் அடியில எதுவும் ஒட்டாம ஒரு பெயின்ட் பண்றியாமே, உங்கம்மா சொன்னா. அதுல கொஞ்சம் கொண்டாந்து ஆத்துல ஊத்தினா இந்தக் காக்கா ஆழி செத்துடுமாடா?"

"செத்துடும் மாமா."

"அப்புறம் என்ன?"

"இறாலும் செத்துடும்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இத்தனை ஆண்டுகளாக நான் படித்த கட்டுரைகள் எல்லாம் இரண்டு வகை. அழுக்கான அடிப்புறம் அயல் உயிர்களை நாடு கடத்துகிறது என்று ஒரு வகை. அதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011இல் வழிகாட்டு நெறிகள் வகுத்து 2023இல் திருத்தியது. 2022இன் இறுதியில் ஓர் உல்லாசக் கப்பலையே அடிப்புற அழுக்குக்காக நியூசிலாந்து தன் துறைமுகங்களில் விடவில்லை. சுத்தமான அடிப்புறம் நஞ்சைக் கசியவிடுகிறது என்று மற்றொரு வகை. இரண்டும் வெவ்வேறு இதழ்களில், வெவ்வேறு ஆட்களால் எழுதப்படுகின்றன. ஆனால் கப்பல் நின்று காத்திருக்கும் இடம் முகத்துவாரம். இரண்டும் வந்து இறங்குவது அங்கேதான். கரைவதைச் சார்ந்திராத சிலிக்கான் பூச்சுகள் இருக்கின்றன. ஒட்டிய உயிரை ஓடும் நீரே வழித்துவிடும். விலை அதிகம்; கப்பல் ஓடாமல் வாரக்கணக்கில் நங்கூரத்தில் நின்றால் அவையும் தோற்கும். கொச்சியில் 2023 முதல் ஓடும் நீர் மெட்ரோ படகுகளின் உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியத்தின்மேல் செப்புச் சாயத்தை நேரே பூசினால் 'அலார்ம்' கப்பலின் ஆணிக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். அவற்றைப் பார்க்கும்போது, செம்பை விட்டு வெளியே யோசிக்க யாரோ கட்டாயப்படுத்தினால் நல்லது என்று தோன்றும்.

ஜூன் முதல் வாரத்தில் நெறியாளரிடம் சென்று இரண்டு தகடுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நிழல், நீரோட்டம் என்ற ஐயங்களை அவரே எழுப்பினார், நியாயமானவை. குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு பத்தியாக எழுதி முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். வற்புறுத்தவில்லை. "சார், மறுபடி இறக்கிப் பார்க்கிறேன்" என்றேன். "செலவுக்கு?" என்றார். பதில் இல்லை. மாநாட்டுச் சுருக்கத்தை அன்று மாலையே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இந்த நவம்பரில் மறுபடி இறக்கியிருக்கிறேன். இம்முறை வெறுந்தகடுகள் மூன்று இடங்களில்: ஒன்று சட்டத்திலேயே, ஒன்று துறையின் மறுகோடியில், ஒன்று கால்வாய்க்கு அப்பாலுள்ள வேறொரு துறையில். நிழலும் ஆழமும் கூடியவரை சமமாக. ஒவ்வோர் இடத்திலும் நீரையும் எடுத்துச் செம்பை அளக்கிறேன். உதவித்தொகை முடிந்துவிட்டது, மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். காக்கா ஆழியின் குஞ்சு ஒன்று சென்ற மாதம் என் தூரத்துத் தகட்டிலேயே வந்து ஒட்டியிருந்தது. படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "அங்கயுமா?" என்று மட்டும் பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நீர் வற்றம். இம்மாதத் தகடுகளை அப்போது ஏற்ற வேண்டும். தூரத்துத் தகட்டை முதலில் எடுக்கப் போகிறேன்.