குதிரைக்கு ஓர் அரண்மனை

ஸ்காட்லாந்தில் பெரிய மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முன்வாசல் வழியாக நுழைந்து, கூடம் கூடமாகச் சுற்றி, கழுத்து வலிக்கும் வரையில் விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை, சகோதரிகளே! என் மனோரதத்தில் ஏறிக்கொள்ளுங்கள், கொல்லைப்புறமாகப் போவோம். ஒரு வீட்டின் உண்மையான பவிஷு கொல்லைப்புறத்தில்தானே தெரியும்?

நாம் போகும் இடம் மாண்டர்ஸ்டன். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், இங்கிலாந்தின் எல்லைக்குச் சமீபத்தில், டன்ஸ் என்ற சிற்றூருக்கு இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது. இதன் எஜமானராக இருந்தவர் ஸர் ஜேம்ஸ் மில்லர். அவருடைய தகப்பனார் ரஷ்யாவுடன் சணலும் ஹெர்ரிங் மீனும் வியாபாரம் செய்து ஏராளமாகச் சம்பாதித்து வைத்தார். பிள்ளையாண்டான் 1893-ல் ஈவ்லின் கர்ஸான் என்ற சீமாட்டியை மணந்துகொண்டார். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதல்லவா? ஆம், 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிளந்தாரே, அந்தக் கர்ஸான் பிரபுவின் உடன்பிறந்தவள்தான்! மாமனார் வீடோ கெடில்ஸ்டன் என்ற பிரசித்தி பெற்ற அரண்மனை. அதற்குத் தன் வீடு இளைத்ததல்ல என்று காட்டிவிட மில்லருக்கு ஆசை வந்தது. மாப்பிள்ளைகளின் சுபாவம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். மனிதர் வீட்டில் கை வைப்பதற்கு முன்பே, ஜான் கின்ராஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1895-ல் குதிரை லாயத்தைக் கட்டி முடித்துவிட்டார். செலவு இருபதாயிரம் பவுன் என்கிறார்கள். கோயில் வாசல் போன்ற வளைவுக்குள் நுழைந்தால், வரிசையாகக் குதிரைக் கொட்டடிகள். அத்தனையும் தேக்கு! தலைக்கு மேலே வளைந்து நிற்கும் கூரையும் தேக்குதான். நம் வீட்டு நிலைப்படிக்கு ஒரு தேக்குக் கட்டை வாங்குவதற்குள் நாம் படுகிற பாடு நமக்கல்லவா தெரியும்? ஒவ்வொரு கொட்டடிக்கும் பித்தளைக் கம்பம். ஒவ்வொரு குதிரையின் பெயரும் சலவைக் கல்லில். அந்தப் பித்தளையைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப் போன பையன்களின் பெயர் மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை.

மில்லருக்குக் குதிரை என்றால் உயிர். அவருடைய ஸேன்ஃபாயின் 1890-ல் டெர்பி பந்தயத்தில் ஜயித்தது. ராக் ஸாண்ட் என்ற குதிரையோ 1903-ல் டெர்பி உள்படப் பெரிய பந்தயங்கள் மூன்றையும் ஒரே ஆண்டில் தட்டிக்கொண்டு போயிற்று.

லாயத்தோடு போயிற்றா? பால் கறந்து வைக்கும் அறையைப் பாருங்கள். பல தேசங்களிலிருந்து தருவித்த சலவைக் கற்கள் பதித்து, மாதா கோயில் மண்டபம் மாதிரி வளைவுக் கூரை போட்டிருக்கிறார்கள். உச்சியில் ஒரு பெண் பசுவைக் கறக்கும் சிற்பம். வெண்ணெய் உருகாமல் குளுகுளுவென்று இருக்கவேண்டும் என்பதற்காகவே இத்தனை சலவைக் கல்! வீட்டுக்குள் வெள்ளி முலாம் பூசிய மாடிப்படிக் கிராதி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். இருக்கட்டும், எனக்கு இந்தப் பாலறைதான் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் குதிரையை நம்பி வாழ்ந்த உலகம். இதே பிரதேசத்தில்தான் அந்த உலகத்துக்குச் சத்துருவும் வந்து சேர்ந்தான். 1895-ன் கடைசியில், கெல்ஸோ ஊருக்கு அருகில் வசித்த எலியட் என்ற கனவான் பிரான்ஸிலிருந்து ஒரு பானார் மோட்டாரை வரவழைத்து, பெர்விக் வரையில் ஓட்டிச் சென்றார். அந்தக் காலத்துச் சட்டப்படி, குதிரையில்லாத வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போகவேண்டும். எலியட்டின் வண்டிக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை. போட்டார்கள் அபராதம்! மறு வருஷமே அந்தச் சட்டம் செத்துப் போயிற்று. 1904-லிருந்து வண்டிக்கு நம்பர் பலகையும், மணிக்கு இருபது மைல் என்ற வரம்பும் வந்தன.

அப்புறம் பெரிய எஸ்டேட்டுகளில் எல்லாம் சாரட்டு நின்ற கொட்டகைக்குள் மோட்டார் புகுந்தது. அதைக் 'கராஜ்' என்றுகூட முதலில் சொல்லவில்லை. 'மோட்டார் வீடு' என்றார்கள். புது மருமகளுக்குச் செய்வது போல அதற்கு உபசாரங்கள்! அடியில் இறங்கிப் பழுது பார்க்கத் தரையில் ஒரு பள்ளம். பனிக்காலத்தில் இயந்திரத்துத் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க வெந்நீர்க் குழாய். மழையில் நனையாமல் வண்டி கழுவ, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை. பெட்ரோல் டின்களுக்கு, தீக்குப் பயந்து, தள்ளி ஒரு தனி அறை.

கோச்சுவண்டிக்காரன் பாடுதான் கஷ்டம். குதிரையின் காது அசைவதைப் பார்த்தே அதன் மனத்தை அறிந்தவன் அவன். நேற்று வரையில் கொட்டகைக்கு ராஜா. இன்றைக்கு எண்ணெய்க் கந்தலைக் கையில் எடு என்றால்? சிலர் மோட்டார்க் கம்பெனிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். 'ஷோபர்' என்ற பிரெஞ்சு வார்த்தைக்கு 'அடுப்பு எரிப்பவன்' என்று அர்த்தம். அந்தப் பட்டத்தோடு, பழைய மாடி அறையிலேயே குடும்பத்துடன் இருந்தார்கள். கற்க முடியாத வயதானவர்கள் என்ன செய்வார்கள்? 1914-ல் யுத்தம் மூண்டபோது ராணுவத்தார் ஊர் ஊராக வந்து குதிரைகளைக் கொண்டு போனார்கள். எத்தனையோ லாயங்கள் அதற்குப் பிறகு நிறையவே இல்லை.

மில்லர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1905 நவம்பரில் புது மாளிகையில் தடபுடலாக நடன விருந்து நடத்தினார். 1906 ஜனவரியில் காலமானார். வயது நாற்பத்தொன்றுதான், குழந்தையும் இல்லை. ராக் ஸாண்டை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்.

திரும்புகிற வழியில் டன்ஸ் ஊரில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. சில மைல் தள்ளி செர்ன்ஸைடு என்ற கிராமத்தருகே பண்ணை பார்த்துக்கொண்டிருந்த ஜிம் கிளார்க் என்ற இளைஞர், 1963-லும் 1965-லும் மோட்டார்ப் பந்தயத்தில் உலகத்துக்கே முதல்வராக வந்தார். 1968-ல் ஜெர்மனியில் பந்தய மைதானத்திலேயே உயிரை விட்டார். அவர் ஜயித்த கோப்பைகள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் மின்னுகின்றன. அவசியம் பாருங்கள். ஆனால் முதலில் லாயத்துக்குப் போய், அந்தத் தேக்குத் தடுப்பைக் கையால் ஒரு முறை தடவிவிட்டு வாருங்கள்.