பனியன் ஊரின் ரயில் வீதி

கைக்குழந்தைக்கு மெத்தென்ற பருத்தி பனியன் போட்டுவிடும்போது, இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? அநேகமாகத் திருப்பூராகத்தான் இருக்கும். அந்த ஊரின் கதை தெரிய வேண்டுமானால், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நொய்யல் ஆற்றுப் பக்கம் போகும் குமரன் ரோட்டில் ஒரு நடை நடந்தால் போதும்.

முதலில் ரயில். தென்னாட்டின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பாதை மேற்கே நீண்டு, 1862-ல் மலபார் கடற்கரைப் பாதையோடு சேர்ந்தபோது, திருப்பூர் நடு வழியில் அமைந்துவிட்டது. பெரிய ஊரான கோயமுத்தூருக்கு அந்த யோகம் கிட்டவில்லை. இருகூர், போத்தனூர் வழியாக ரயில் ஒதுங்கிப் போய்விட்டது. கோவை டவுனுக்குள் ரயில் வந்தது 1873-ல்தான்!

ஸ்டேஷன் இருந்தால் சந்தை கூடும் அல்லவா? சுற்றுவட்டாரத்துப் பருத்தி மாட்டு வண்டிகளில் இங்கே வந்தது. கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலைகள் எழுந்தன. பஞ்சுப் பொதிகள் ரயிலேறின. 1925 வாக்கில் பனியன் பின்னும் மெஷின்களும் வந்துவிட்டன. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள காதர்பேட்டை இன்றைக்கும் பனியன் கடைகளுக்குப் பேர் போனது.

ரோட்டுக்குப் பெயர் தந்த குமரன், சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. திருப்பூரில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். 1932 ஜனவரி 10-ந் தேதி கொடியேந்தி ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். கொடியை மட்டும் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 27. இளம் மனைவி ராமாயியின் துக்கத்தை நினைத்தால் நம் நெஞ்சும் கனக்கிறது. ஸ்டேஷன் அருகே அவர் நினைவகம் இருக்கிறது. குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

கடைசியில் நொய்யல். ஊருக்குச் சோறு போட்ட தொழிலின் சாயக் கழிவே ஆற்றைக் கெடுத்தது. கீழே உள்ள ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பயிருக்கு உதவாமல் போனது. கழிவு துளியும் வெளியேறாதபடி ஏற்பாடு செய்யாத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பலர் வேலையிழந்து தவித்தார்கள். ஆனால் ஆறு செத்தால் ஊர் ஏது?

காதர்பேட்டையில் குழந்தைத் துணி வாங்கப் போகிறீர்களா? கண்ணைப் பறிக்கும் சாயத்தை விட வெள்ளையும் வெளிர் நிறமும் மேல். தையல் பிசிறு உள்பக்கம் உறுத்துகிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை அலசி, வெயிலில் உலர்த்திய பிறகே குழந்தைக்குப் போடுங்கள். அப்படியே, அந்த நொய்யலையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.