ஆறு எழுத்துகளும் ஒரு தபாலட்டையும்

கைபேசியில் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுச் சொல் தேடும் விளையாட்டு ஒன்றைப் பேரப்பிள்ளைகள் எனக்கும் பழக்கிவிட்டார்கள். சென்ற வாரம் அதில் வந்த ஆறு ஆங்கில எழுத்துகளைக் கண்டதும் கை நின்றுவிட்டது. டீ, என், ஐ, எல், எஸ், ஈ. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஆறு எழுத்துகளை வைத்து நான் ஒரு தவறு செய்தேன். அதை இன்று சொல்லிவிடலாம்.

1993ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய பத்திரிகையில் சிறுவர் பக்கமும் என் பொறுப்பில் இருந்தது. வாரந்தோறும் கலைந்த எழுத்துகளைக் கொடுத்து, 'ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்து அதன் பொருளைத் தமிழில் எழுதுக' என்று கேட்போம். அந்த வாரம் நான் மனதில் வைத்திருந்த சொல் 'லிஸன்', அதாவது கவனித்துக் கேள். பலர் 'சைலன்ட்' என்று எழுதியிருந்தார்கள். எழுத்துகள் அவையேதான் என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டேன்.

கற்பிட்டிப் பக்கத்து அகதி முகாம் ஒன்றிலிருந்தும் ஒரு தபாலட்டை வந்திருந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்திருந்தார்கள். எழுதியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அட்டையின் ஓரத்தில் இடம் போதாமல் 'இன்' ஒரு வரியிலும் 'லெட்ஸ்' அடுத்த வரியிலுமாக இருந்தன. விடை தெரியாமல் இரண்டு சொற்களை இட்டு நிரப்பியிருக்கிறாள் என்று எண்ணிப் பிழையான விடைகளின் கட்டில் போட்டேன். அவள் எழுதியிருந்த பொருளை வாசிக்கவேயில்லை.

இரண்டு வாரங்களில் அதே கையெழுத்தில் இன்னோர் அட்டை.

"மாமா, நான் எழுதியது ஒரு சொல்தான். எங்கள் ஊரில் ஆங்கில ஆசிரியை சொல்லித் தந்தது. அந்தக் கொப்பி வீட்டோடு போய்விட்டது. இங்கே அகராதி இல்லை. உங்களிடம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்."

அகராதி என் மேசையில்தான் இருந்தது. 'இன்லெட்' என்பதற்கு, கடல் நிலத்துக்குள் ஒடுங்கி நுழையும் இடம் என்று போட்டிருந்தது. பழைய கட்டை அவிழ்த்து முதல் அட்டையைத் தேடி எடுத்தேன். 'கடல் ஊருக்குள்ளே வரும் வாய்கள். வாப்பா தோணி விடும் இடம்' என்று எழுதியிருந்தாள்.

ஆறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம். அவற்றுள் சொல்லாகத் தேறுபவை சில மட்டுமே. 'என்லிஸ்ட்' என்றால் படையில் சேர்தல். 'டின்ஸெல்' என்றால் மினுங்கும் சரிகை. அந்தச் சிலவற்றுள் தன் ஊரைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் பிழை போட்டிருந்தேன்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டு, பரிசாக ஒரு சிறிய அகராதியை அனுப்பினேன். பெறுநர் இல்லை என்று திரும்பி வந்தது. சில மாதங்களின் பின் வேறொரு செய்திக்காகக் கற்பிட்டி போனபோது அதைக் கையோடு கொண்டுபோனேன். கிடுகுக் கொட்டில்களின் நடுவே விசாரித்தபோது முதியவர் ஒருவர், "அவங்கட குடும்பம் வேற முகாமுக்குப் போயிட்டுது தம்பி. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்றார். அகராதியை அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தக் கற்பிட்டியில்தான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கி விளக்கிய அவருடைய நூல் 1834இல் வெளியாயிற்று. ஆங்கிலச் சொல்லுக்குத் தன் மண்ணிலிருந்து பொருள் தேடும் பழக்கம் அந்தக் கரைக்குப் புதிதல்ல. அந்தச் சிறுமியும் அதைத்தான் செய்தாள்.

2015இல் நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனனம் செய்தே வென்றார். வியக்கத்தக்க சாதனைதான். இன்று கணினியும் ஒரு நொடியில் எல்லாச் சொற்களையும் வரிசையாகக் கொட்டிவிடுகிறது. ஆயினும் நாங்கள் அன்று பொருளையும் எழுதச் சொன்னது அதற்காகவே அல்லவா? கேட்ட நானே அதை வாசிக்காமல் விட்டேன் என்பதுதான் வெட்கம்.

2009இல் போர் முடிந்தபின் சிலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று அறியேன். இப்போது நாற்பதைக் கடந்திருப்பார். உலகின் ஏதோவொரு மூலையில் இதை வாசிக்க நேர்ந்தால் ஒரு வரி எழுதட்டும். அந்த வாரப் பரிசு இன்னமும் அவருக்குரியதே.