எங்க இருக்கு லயம்?

டித்வா புயல் வந்துபோன பிறகு, 2025 டிசம்பரில், பல்லேகல வீட்டில் இருந்து ஒரு வரைபடம் செய்தேன். புவியியல் ஒப்படைக்காகத்தான். அடியில் செய்மதிப் படம். அதன்மேல் மண்சரிவு அபாயப் பகுதிகள் சிவப்பில். எல்லாவற்றுக்கும் மேலே ஊர்ப்பெயர்கள்.

அம்மாவுக்குக் காட்டினேன். "பாட்டியோட லயம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பெயர் இருந்தது, வாசிக்கத்தான் முடியல. கறுப்பு எழுத்து காட்டின் கரும்பச்சையில் கரைந்திருந்தது. வெள்ளையாக்கினேன், சரிந்த வெளிர் மண்ணில் காணாமல் போனது.

கியூஜிஐஎஸ் மென்பொருளில் இதற்கு வழி இருக்கு. கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட்டால், அடியில் என்ன நிறம் இருந்தாலும் எழுத்து தெரியும். ஒரு மில்லிமீட்டர் விளிம்பு சிவப்பையே மறைத்தது. பாதியாக்கினேன். சரி வந்தது.

எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். இப்போ பெயரே இல்லை! இரண்டு பெயர்கள் மோதினால் மென்பொருள் தானாகவே ஒன்றை மறைத்துவிடும். திகன நின்றது, தோட்டம் போய்விட்டது.

அதை நான் சொல்லிச் செய்யல. ஆனால் சொல்லாமல் விட்டதும் நான்தான். மண்சரிவு வரைபடத்தில் முதலில் தெரிய வேண்டியது டவுன் இல்லை, சிவப்புக்குள் இருக்கிற லயம். தோட்டப் பெயர்களுக்கு முன்னுரிமையைக் கூட்டினேன்.

திரும்பவும் காட்டினேன். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"சிவப்புக்குள்ளயா இருக்கு?"

அன்று பின்னேரமே பாட்டிக்குக் கோல் எடுத்தார். அடுத்த மழைக்கு முன் இங்கே வந்துவிடச் சொல்லி.