கொலாபா முனையில் ஓர் அந்திப்பொழுது

மும்பையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், கடற்கரையில் கால் நனைத்ததன்றிப் படகேறிக் கடலுக்குள் சென்றறியாத குடும்பங்கள் நம்மவருள் பல உண்டு. எங்கள் குடும்பமும் சென்ற தை மாதம் வரை அவற்றுள் ஒன்றாகவே இருந்தது. இத்தனைக்கும் எங்கள் அப்பா துறைமுகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். கப்பல்களின் பெயர்களும் அவை வந்து போகும் நாட்களும் வீட்டில் அன்றாடப் பேச்சு. ஆனால் அம்மா ஒரு நாளும் கப்பலைக் கிட்டப் பார்த்ததில்லை. 1968இல் மணமான கையோடு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவருக்குச் சமையற்கட்டும், குழாயடியும், மாதுங்காக் கடைத்தெருவும், கோயிலுமே பம்பாய்.

அந்த அம்மா மாசி பிறந்ததும் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று. அவருக்கு வயது 78. நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, தூக்கி கிடையாது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கோயிலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. ஊரில் எங்கள் தம்பியின் வீடு தரையோடு தரையாக இருக்கிறது. வேறு வழி இல்லையென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் மகளும் மகனும்தான் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். ஆச்சி போவதற்கு முன் ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, அந்திவேளையில் குடும்பம் முழுவதையும் வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். 'போட்டோஷூட்' என்பது அவர்கள் சொல். படகு வாடகை இத்தனை, படக்காரருக்கு இத்தனை என்று அவர்கள் காட்டிய கணக்கு எங்கள் வீட்டுப் பாலுக்கு ஓர் ஆண்டு ஆகும் செலவைத் தாண்டிற்று. முதலில் மறுத்தோம். கைப்பேசியில் எடுத்தால் படம் ஆகாதா என்றும் கேட்டோம். மகள் விடை சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் கழற்றிவந்து மேசைமேல் வைத்தாள். 1974இல் மாதுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பாவும் அம்மாவும் நாற்காலிகளில். நாங்கள் இருவரும் கால்மாட்டில். பின்னால் திரையில் கடலும், பாய்மரப் படகும், பாதி அமிழ்ந்த சூரியனும் வரையப்பட்டிருந்தன. அப்பா இருக்கும் குடும்பப் படம் எங்களிடம் அது ஒன்றே. அதற்குப் பிறகு நாங்கள் மறுக்கவில்லை.

செலவுக்கு இசைந்த பிறகுதான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தோம். நாள் பேசப் போன அன்று, கொங்கணக் கரையைச் சேர்ந்த படகோட்டி சிரித்துவிட்டார். "இது கிழக்குப் பக்கம், பாய் சாஹேப். இங்கே சூரியன் உதிக்கும், மாலையில் ஊருக்குப் பின்னால் போய் விழும்" என்றார். உண்மைதானே! கேட்வே துறைமுக விரிகுடாவைப் பார்த்து நிற்கிறது. அரபிக் கடலோ நகரத்தின் மேற்கே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த ஊரின் திசை எங்களுக்கு இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அவரே வழியும் சொன்னார். கேட்வேயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சென்றால் கொலாபா நிலம் முடிந்துபோகும். அங்கே பாறைத் திட்டின்மேல் 1875ஆம் ஆண்டின் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் நிற்கிறது. குளிர்காலத்தில் சூரியன் நேர் மேற்கில் மறையாமல் தெற்கே சாய்ந்து மறைவதால், முனையைச் சுற்றித் திறந்த கடலுக்குள் போகவேண்டியதில்லை. விளக்கத்துக்குக் கிழக்கே அலை அடங்கிய நீரில் நின்றபடியே பார்க்கலாம். கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்து கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். மழைக்காலத்தில் இந்தத் துறையில் உல்லாசப் படகுகளே ஓடுவதில்லை. ஆகையால் தை மாதமே சிறந்ததென்று ஆயிற்று.

அடுத்து நாள் பார்க்கவேண்டும். பிள்ளைகள் பௌர்ணமி வேண்டுமென்றார்கள். மேற்கே சூரியன் இறங்கும் அதே நேரம் கிழக்கே முழுநிலா எழும். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அழகான எண்ணந்தான். ஆனால் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மும்பைத் துறையில் கடல் நண்பகலை ஒட்டி ஏறி நின்று, மாலை ஆறு மணி அளவில் அடிமட்டத்துக்கு வற்றிவிடும். அந்நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரையும் தொடும். வற்றிய வேளையில் படித்துறையின் அடிப்படிகள் பாசியோடு வெளியே தெரியும். 78 வயது முழங்காலோடு அதில் இறங்குவதா?

கடல் ஏறும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. அந்தக் கணக்கில் மாலை ஆறு மணிக்கு நீர் நிறைந்து நிற்கும் நாள் எதுவென்று பார்த்தால், அது அஷ்டமி! ஏற்ற இறக்கமும் அப்பொழுது குறைவு. கடலுக்கு நல்ல நாள் பஞ்சாங்கத்துக்கு ஆகாத நாளாக இருந்தது. அஷ்டமியில் வீட்டில் புது விளக்குமாறுகூட வாங்காத அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னோம். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ஏய்யா, அஷ்டமிக்கு முந்தின நாள் சப்தமின்னு ஒன்று இருக்கே, அது உங்க கடலுக்கு ஆகாதா?" என்றார். ஆகும். நீர் ஒரு மணி நேரம் முன்னதாக, ஐந்து மணிக்கு நிறையும். நாம் ஏறவேண்டிய நேரமும் அதுதான். அலை அட்டவணையில் சரிபார்த்தோம். அம்மா சொன்னபடியே இருந்தது.

படக்காரர் ஓர் இளைஞர், மராட்டியர். வேலையில் கெட்டிக்காரர். முந்தின வாரமே அதே வேளையில் துறைக்கு வந்து ஒளி விழும் விதத்தைப் பார்த்துப் போனார். பாய்மரப் படகு வேண்டுமென்ற எங்கள் மகனின் ஆசையை அவரே தடுத்தார். அவை கரையோடு அணையாமல் நடு நீரில் நங்கூரமிட்டு நிற்பவை. சிறு தோணியில் போய் அதிலிருந்து தாவி ஏறவேண்டும். மேல்மூடி உள்ள மோட்டார் படகே முதியோருக்கு ஏற்றது. முக்காலி வேண்டாம், இயந்திர அதிர்வில் அது பயன்படாது என்றார். சரிகை உள்ள புடவை அந்தி வெயிலை நன்றாக வாங்கும் என்றும் சொன்னார். அம்மா கடுகு நிறப் பட்டை எடுத்துவைத்தார்.

சப்தமியும் வந்தது. குழந்தைகள் உட்படப் பதினொரு பேர். நீர் படித்துறையின் மேற்படிக்கு அருகே தளும்பி நின்றது. அம்மா எங்கள் தோளையும் படகோட்டியின் கையையும் பற்றிக்கொண்டு, இரண்டே எட்டில் படகுக்குள் வந்துவிட்டார். அதுவரை நாங்கள் மூச்சு விடவில்லை.

ஏறியதும் ஒரு சச்சரவு. உயிர்காப்புச் சட்டைகளைக் கொடுத்தார்கள், செம்மஞ்சள் நிறம். பட்டுப்புடவைக்கு மேல் அதைப் போட்டால் படம் என்ன ஆவது என்று மகள் முகம் சுளித்தாள். நாங்கள் விடவில்லை. 2024 டிசம்பர் 18ஆம் நாள் இதே துறைக்கு அருகில், எலிபண்டாவுக்குச் சென்ற பயணிகள் படகின்மீது விரைவுப் படகு ஒன்று மோதிப் பலர் உயிரிழந்ததை மும்பை மறந்திருக்க முடியாது. அம்மாவே முதலில் போட்டுக்கொண்டார். பிறகு யார் மறுப்பது?

படகு விலகியதும் கேட்வே முழு உருவத்தோடு தெரிந்தது. 1913இல் அடிக்கல் நாட்டி 1924இல் திறந்த வளைவு. 1948 பிப்ரவரி 28இல் ஆங்கிலேயரின் கடைசிப் படையினர் இதன் வழியாகவே கப்பலேறினர். மாலையில் அதன் கடல் முகம் நிழலில் இருக்கும். மஞ்சள் கல்லின் நிறம் வேண்டுமானால் காலையில் வரவேண்டும். கரிய உருவமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு தெற்கே திரும்பினோம். சாசூன் துறையின் மீன் வாடையும் இரைச்சலும் நீரைக் கடந்து வந்தன. அரைமதி உச்சிக்கு அருகே வெளிறித் தெரிந்தது.

கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்ததும் அலை சற்றுப் பெரிதாயிற்று. படத்துக்காக இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். படகோட்டி மறுத்தார். நின்ற படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி உருளுமாம். ஆகையால் அலையைப் பார்த்தபடி மெல்லச் செலுத்திக்கொண்டே இருந்தார். குடும்பப் படங்களை முதல் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார் படக்காரர். அவர் அவசரப்படுத்தியதன் காரணம் பிறகு புரிந்தது. பஞ்சாங்கப்படி மறைவு 6-20ஐ ஒட்டி. ஆனால் தை மாதத்துப் புகைமூட்டம் அதுவரை பொறுக்கவில்லை. கண் கூசாத செவ்வட்டமாக மாறிய சூரியன், கடலைத் தொடுவதற்கு நான்கு விரற்கடை மேலேயே கரைந்து மறைந்தது. ஸ்டுடியோத் திரையில் இருந்ததுபோல் பாதி அமிழ்ந்த சூரியன் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் முகம் வாடிற்று. அம்மா ஒரு முறை பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது அவர் வடக்கே பார்த்தபடியே வந்தார். "உங்க அப்பா வேலை பார்த்தது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கேட்வேயைத் தாண்டி, பல்லார்ட் பியர் பக்கமாகத் தெரிந்த பாரந்தூக்கிகளைக் காட்டினோம். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. மகன் படக்காரரை அழைத்தான். படகோட்டி கையை உயர்த்தித் தடுத்தார். நடுவே கடற்படைத் தளம் இருக்கிறது. அந்தத் திசையில் படம் எடுக்கக்கூடாது. நியாயமான விதி. ஆகவே கருவிகள் உறைக்குள் போயின.

படகோட்டி எங்கள் பேச்சு புரியாமலே எதையோ புரிந்துகொண்டார் போலும். கரைக்குத் திரும்பாமல் கேட்வேக்கு எதிரே மெல்ல ஒரு வட்டம் சுற்றினார், பிறகு இன்னொன்று. பேசிய நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். அம்மா கம்பியைப் பற்றியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு பக்கத்திலேயா இருந்தார்!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

படங்கள் நன்றாக வந்தன. செம்மஞ்சள் சட்டைகளோடு பதினொரு பேரும் சிரிக்கிறோம். ஒன்றைச் சட்டமிட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அவர் 1974ஆம் ஆண்டுப் படத்தையும் கேட்டு வாங்கி, பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். சுவரில் அது இருந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது.

அம்பாசமுத்திரம் சேர்ந்த மறுநாள் தொலைபேசியில் பேசினார். முழங்கால், ஆற்றுத் தண்ணீர், தம்பி பிள்ளைகள் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அந்தப் படகுக்காரப் பிள்ளை அதிகப்படியாகச் சுற்றிக் காட்டினானே, அதற்கு ஏதாவது கொடுத்தியாய்யா?" என்று கேட்டார்.

கொடுத்தோம் என்றோம்.